சும்மா இருக்கிற நாலாவது

கருங்கல் சந்தைக்குப் பின்னால் ஸ்கேன் சென்டர்.
மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற அறை.
செருப்பைக் கழற்றி, ஏசியை இருபதில் வைத்து,
நாலு டிஸ்க்கையும் மேசையில் நிரத்தினேன்.
ரெண்டு மார்த்தாண்டத்தில் வாங்கியவை, வேறு வேறு கடை.
ஒன்று நாகர்கோவில்.
ஒன்று களியக்காவிளை தாண்டிப் போய்.

"ஒரே கடையில எடுத்தா விலை குறையுமே பிள்ளே"
என்றார் டாக்டர் சோபனராஜ்.
ஒரே பெட்டியில் பிறந்தவை
ஒரே வாரத்தில் சாகும் டாக்டர்.
பார்த்திருக்கிறேன்.

போன ஐப்பசி வரை இங்கே ஒற்றை டிஸ்க்தான்.
ஒரு மழை மத்தியானம் அது
ச்ச், ச்ச், ச்ச் என்றது.
பல்லி சொல்லுது என்று
எல்லாரும் சுவரைப் பார்த்தார்களாம்.
மறுநாள்
ஆயிரத்து நானூறு பேரின் எலும்பு இல்லை.

சர்வர் எழும்பியது,
ஓட்டுக்கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தத்தோடு.
கன்ட்ரோல் ஆர்.
நீலத்திரை.
இருப்பதெல்லாம் அழியும், சம்மதமா என்று கேட்டது.
புது டிஸ்க்கில் என்ன இருக்கிறது?
இருந்தும் விரல் ஒரு நொடி நின்றது.
மூன்றை ஒரு கூட்டாகச் சேர்த்தேன், லெவல் அஞ்சு.
நாலாவதை ஹாட் ஸ்பேர் என்று குறித்தேன்.

"அப்போ எத்தனை இடம்?"
ரெண்டு டிஸ்க் அளவு.
"நாலுக்குக் காசு குடுத்து ரெண்டா!"

வாசலில் ரப்பர்க்கொட்டை கிடந்தது, பொறுக்கி வந்தேன்.
ஒற்றையா இரட்டையா விளையாடியிருக்கீங்களா?
இந்தக் கையில் கொஞ்சம், அந்தக் கையில் கொஞ்சம்.
எல்லாம் சேர்த்தால் எப்போதும் இரட்டை வருகிற மாதிரி
மூன்றாவது கையில் ஒன்று வைப்போம், அல்லது வைக்காமல் விடுவோம்.
இனி எந்தக் கையை வேண்டுமானாலும் வெட்டுங்கள்,
மிச்ச ரெண்டைப் பார்த்து
போனது ஒற்றையா இரட்டையா என்று சொல்லிவிடலாம்.
இதையே ஒரு நொடியில் கோடி தடவை. அவ்வளவுதான்.

கதவோரம் வாட்ச்மேன் தாசையன் நின்றிருந்தார்.
"நாலாவது என்ன செய்யும்?"
சும்மா சுற்றும்.
"கரண்டு?"
தின்னும்.
"எது வரைக்கும்?"
ஒன்று சாகிற வரைக்கும்.
"செரி, நம்ம ஆளு" என்று
ஸ்டூலை உள்ளே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

ஒன்பது மணிக்கு நூறு சதவீதம்.
கார்டின் பேட்டரியைச் சோதித்தேன்:
மின்சாரம் போனாலும்
எழுத வந்ததை மூன்று நாள் வாயில் அடக்கி வைத்திருக்கும்.
பிறகு, யாரோ ஒருவரின் நுரையீரலைத் திரையில் திறந்துவைத்து
ரெண்டாவது டிஸ்க்கின் தாழை அழுத்தி
உருவினேன்.

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.
அலாரம், காலையில் மீன்காரர் அடிக்கிற ஹாரன் போல,
விடாமல்.
நுரையீரல் அசையவே இல்லை.
கீழே, இதுவரை சும்மா இருந்ததன் விளக்கு
படபடவென்று அடிக்க ஆரம்பித்தது.
தாசையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டால் பாவம், சொன்னேன்:
யாராவது கைதவறி ஒரு படத்தை அழித்தால்
இந்த மூன்றும் ஒற்றுமையாகச் சேர்ந்து
மிகச் சரியாக அழிக்கும்.
அதற்கு வேறே டிஸ்க், வேறே கட்டடம்,
வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் எடுத்துப்போகணும்.
"அடுத்த மாசம் பாப்போம்" என்றார் டாக்டர்,
சர்க்கரையைக் குறைக்கச் சொன்னால்
அவரிடம் நோயாளிகள் சொல்கிற அதே குரலில்.

கிளம்பும்போது தாசையன் கேட்டார்,
"எனக்க முட்டும் அதுக்குள்ள உண்டா?
வைகாசியில எடுத்தது."
தேடினேன். உண்டு. இடது முட்டு.
"எந்த டிஸ்க்கில?"
ஒன்றிலும் முழுசாக இல்லை.
"வலிக்கதும் அப்பிடித்தான்" என்றார்.

பள்ளியாடியில் மழை பிடித்துக்கொண்டது.
வீட்டுக்கு வந்து, தலை துவட்டி, படுத்து,
மூன்று பத்துக்குப் போன் அடித்தது.
"பிள்ளே, கரண்டு போச்சு. ஆனா ஓடிட்டுதான் கெடக்கு.
அறுவத்தொண்ணு."
பார்க்கச் சொல்லி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.
சரி என்று வைக்கப் போனேன்.
"நில்லு," என்றார்.
"அறுவத்திரெண்டு."